நாற்பது பெசோவும் ஒரு சிவப்புக் குறியும்

சார்ஜென்ட் இலாரியோ, லெப்டினென்ட் தென்சோ மராலித்துக்கு நாற்பது பெசோ கடன்பட்டிருந்தான். மறைக்க வேண்டிய சேதியில்லை. பத்தங்காஸ் ஓடுதளத்தில் சமையற்காரன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நாற்பத்தொன்றாம் வருஷம் ஜூலை மாதம் இலாரியோவின் மனைவி சலூத்துக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. மணிலாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், கீறித்தான் எடுக்கவேண்டும், முன்பணம் கட்டு என்றார்கள். இலாரியோ கையில் இருந்தது ஏழு பெசோ. தென்சோ எப்படியோ கேள்விப்பட்டு, தானே பஸ் ஏறி வந்து, சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எண்ணாமலே எடுத்துக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். எண்ணிப் பார்த்தது இலாரியோதான். சரியாக நாற்பது.

மகள் பிழைத்தாள், தாயும் பிழைத்தாள். ஞானஸ்நானத்துக்குத் தென்சோவே ஞானத்தகப்பனாக நின்றான். அன்றிலிருந்து மற்றவர்கள் முன்னால் 'சார்', தனியாக இருக்கும்போது 'பாரே'. பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இலாரியோ யாரென்றும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பன்னிரண்டு வயதில் மணிலாவில் ஒரு பஸ் பட்டறையில் எண்ணெய்த் துணி அலசினான்; இருபது வயதில் அந்தப் பட்டறைக்கே மேஸ்திரி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, இரும்பே சொல்லிக்கொடுத்தது. பத்தடி தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும், எஞ்சினில் எந்தச் சிலிண்டர் இருமுகிறது என்று சொல்லிவிடுவான். அமெரிக்க மேஜர் ஒருவர் இதை நம்பாமல் பந்தயம் கட்டி ஒரு பெட்டி சிகரெட் தோற்றார். படித்த எஞ்சினியர்கள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் இவன் கோளாறைக் கழற்றிக் கையில் வைத்திருப்பான். அளந்துவிடுகிற பேச்சில்லை இது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவனுக்கு, விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்த பிறகு, ஒரே ஒரு எழுத்துவேலை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. எல்லாம் சரியென்றால் மெக்கானிக் தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவான். கோளாறு உண்டு, ஆனாலும் பறக்கலாம் என்றால் சிவப்புப் பென்சிலால் ஒரு சாய்கோடு. பறக்கவே கூடாது என்றால் இரண்டு கோடு, பெருக்கல் குறி மாதிரி. அது விழுந்துவிட்டால் ஜெனரலே வந்து நின்றாலும் சக்கரம் உருளாது. போட்டவன் கையால்தான் மாற்றவேண்டும். பட்டம் வாங்கிய ஆபீசர்கள் ஒரு மூன்றாம் வகுப்புக்காரனின் இரண்டு கோட்டுக்குக் கட்டுப்பட்டு நிற்பதை நினைத்து இலாரியோ தனியாகச் சிரித்துக்கொள்வதுண்டு. பதினொரு வருஷத்தில் அவன் போட்ட பெருக்கல் குறியை அவனே மாற்றியது ஒரே ஒரு தடவை. அதைச் சொல்வதற்கு முன்னால் தென்சோவைச் சொல்லவேண்டும்.

முழுப்பெயர் காவ்தென்சியோ. ஓடுதளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பவான் ஊர்க்காரன். அப்பன் சேவல்சண்டைக் களத்திலேயே குடியிருந்து களத்திலேயே நெஞ்சடைத்துச் செத்துப்போனான். விட்டுப்போனது ஒரு மரவீடு, இரண்டு சேவல், ஊரெல்லாம் கடன். தாய் அலிங் பினாங் கொசுவலை தைத்து, தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு மலை தாண்டிப் போய் விற்றாள். ஒரு கையில் மூட்டையைப் பிடித்திருப்பாள், மறு கையில் எட்டு வயது தென்சோவை. கடன்காரர் வாசலில் அவள் காசு எண்ணும்போதெல்லாம் பையன் தெருவில் நின்று வானத்தைப் பார்ப்பான். ஏழு வருஷம் இப்படி. அந்த ஏழு வருஷத்தில் அவன் ஒன்றை முடிவு செய்துகொண்டான்: யாரிடமும் ஒரு சென்டாவோ காசுகூடக் கடன்படுவதில்லை. சிகரெட்டுக்கு நெருப்பு வாங்கினால்கூட மறுநாள் ஒரு தீப்பெட்டி கொண்டுவந்து கொடுத்துவிடுவான்.

கொடுப்பது வேறு. அதில் அவனுக்குத் தாராளக் கை. விமானப் பள்ளியில் சேர்ந்து, முதல்முறை தனியாகப் பறந்தபோது நேரே பவானுக்கு வந்து தாயின் வீட்டுக்கூரையை உரசுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினான். தெருவே வெளியே வந்து கைதட்டியது. பக்கத்து வீட்டு மாங் செலோவின் கோழிகள் மட்டும் பயந்து ஒரு வாரம் முட்டையிடவில்லை. மாங் செலோ நஷ்டஈடு கேட்டுப் பள்ளிக்கே வந்து நின்றார். ஒரு பெசோ கேட்டவருக்குத் தென்சோ மூன்று பெசோ கொடுத்து, பஸ்ஸும் ஏற்றிவிட்டான். அதற்கப்புறம் மாங் செலோ அவனைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார். வீட்டுக்கூரை ஒழுகினால் கூப்பிடாமலே ஏணியோடு வந்துவிடுவார்.

ஓடுதளத்திலும் அப்படித்தான். காவல்காரன் மகனுக்குச் செருப்பு, சமையற்காரனின் தம்பிக்குக் கோர்ட்டுச் செலவு. யாரிடமும் திருப்பிக் கேட்டதில்லை. அவன் சைக்கிளுக்கு யாராவது காற்றடித்து வைத்திருப்பார்கள். அவன் தட்டில் நல்ல துண்டு விழும். தலைக்கு வாசனை எண்ணெய் தடவி, படிய வாரி, சுருதி சேராமல் பாடிக்கொண்டு அவன் நடந்து போனால் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். இலாரியோவுக்கும்தான்.

ஆனால் இலாரியோ சுயமாகக் கால் ஊன்றியவன். கடன் அவன் முதுகில் ஈரச்சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகஸ்டு முடிவதற்குள் நாற்பது பெசோவையும் சேர்த்து ஒரு புகையிலை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

"என்ன பாரே, புகையிலையா?" என்றான் தென்சோ.

"உன் பணம். எண்ணிக்க."

"என் ஞானமவளுக்குக் குடுத்ததை நான் எண்ணுறதா? உள்ள வை. மானத்தை வாங்காதே."

"எனக்குத் தூக்கம் வரலை, பாரே."

"அப்ப எஞ்சினைத் துடை."

செப்டம்பரில் ஒரு தரம், அக்டோபரில் ஒரு தரம், நவம்பரில் சம்பள நாளன்று எல்லார் முன்னாலும் ஒரு தரம். நான்கு முறையும் டப்பா திரும்பி வந்தது. நவம்பரில் தென்சோ சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் சார்ஜென்ட். என்னிக்காவது கேக்குறேன்" என்றான். சுற்றி நின்றவர்கள், எப்பேர்ப்பட்ட மனசு என்றார்கள். இலாரியோ டப்பாவைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினான்.

டிசம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாள் காலையில், ரேடியோ போர் வந்துவிட்டது என்று சொன்னது. மத்தியானத்துக்குள் வடக்கே அமெரிக்கர்களின் பெரிய ஓடுதளமே புகையாகிவிட்டதாகச் சேதி வந்தது. பத்தங்காஸில் இருந்தவை ஆறு பழைய சண்டை விமானங்கள். அமெரிக்கர்கள் ஓட்டித் தேய்த்துவிட்டுக் கொடுத்தவை. மேலே மூடி கிடையாது, சக்கரம் மடங்காது, இறக்கைகளைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், இரண்டும் முன்னால் சுழலும் விசிறிக்கு ஊடாகச் சுடவேண்டும். விசிறியின் இலை விலகும் நேரம் பார்த்துக் குண்டு போகிற மாதிரி ஒரு பொறி இருக்கும். அந்தப் பொறி தேய்ந்துவிட்டால் தன் குண்டு தன் விசிறியையே பிய்த்துவிடும்.

பதினோராம் தேதி சாயங்காலம் தென்சோவின் விமானத்தைச் சோதித்தபோது இலாரியோ விசிறியில் விரலை ஓட்டிப் பார்த்தான். ஒரு இலையின் ஓரத்தில் புதிதாக ஒரு பள்ளம், தடவினால் மட்டும் தெரிகிற அளவு. வலது துப்பாக்கியின் பொறி தேய்ந்திருந்தது. உடனே அதன் இணைப்பைக் கழற்றினான். இடது துப்பாக்கியில் தோட்டாப் பட்டை பழைய துணி. ஈரம் பட்டு உப்பியிருந்தது. கையால் இழுத்துப் பார்த்தால் இருபது தோட்டாவுக்குள் சிக்கியது. இலாரியோ பதிவேட்டைத் திறந்து, சிவப்புப் பென்சிலை நாக்கில் நனைத்து, இரண்டு கோடு போட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடிந்ததும் தென்சோ பதிவேட்டைக் கையில் பிடித்தபடி கொட்டகைக்கு வந்தான்.

"இது என்ன?"

"பார்த்தாத் தெரியலையா சார்."

"சார்ங்கிறே. கோவமா இருக்கே."

"வலதுல சுட்டா நம்ம விசிறி போயிடும், கழட்டிட்டேன். இடதுல பட்டை சிக்குது. புதுப் பட்டைக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன், மத்தியானம் லாரியில வருது. சாயங்காலம் நானே உங்களை ஏத்தி அனுப்புறேன்."

"சாயங்காலத்துக்குள்ள ஜப்பான்காரன் வந்து, குண்டைப் போட்டு, ஊருக்குப் போயி, கால் கழுவிட்டுச் சாப்பிட உக்காந்திருப்பான்."

"அஞ்சு பேர் போறாங்கல்ல. ஒருநாள் கீழ இருங்க."

"கீழ இருக்கிறதா? எங்க ஊர் அதோ தெரியுது, இலாரியோ. எங்கம்மா முற்றத்துல நின்னு எண்ணுவா, எத்தனை மேல போச்சுன்னு. அஞ்சுன்னு எண்ணினா அவ என்ன நினைப்பா, ஊரு என்ன நினைக்கும்?"

"உயிரோட இருக்கான்னு நினைப்பாங்க."

தென்சோ சிரித்தான். சுற்றுமுற்றும் பார்த்தான், யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினான்.

"பாரே. நாற்பது பெசோவை இத்தனை மாசத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா?"

"நாலு தடவை கொண்டாந்தேன். நீதான் வாங்கலை. இப்பவும் பெட்டியில இருக்கு, எடுத்துட்டு வரவா?"

"பணத்தை யாரு கேட்டா? இப்பக் கேக்குறேன், இந்த ஒரு கோட்டை எடுத்துடு. அதோட நமக்குள்ள சரியாப் போச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னான். உதட்டில் சிரிப்பு இருந்தது. ஆனால் பதிவேட்டை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. இலாரியோவுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவும் வேர்க்கடலைத் தொலியும் கண்முன் வந்தன. வேறு எந்த விமானி கேட்டிருந்தாலும் பதிவேட்டைப் பிடுங்கி எறிந்திருப்பான். மேஜரையே எதிர்த்துப் பேசியவன் அவன். இந்த ஒருவனிடம் மட்டும் வாயில் 'முடியாது' என்ற சொல் வந்து நின்றது, வெளியே வரவில்லை. பழைய வரியின் கீழே புது வரி எழுதினான். ஒரே ஒரு சாய்கோடு. பக்கத்தில் தன் முதலெழுத்து.

"இருபது குண்டுக்கு மேல எதிர்பார்க்காதே. சுட்டதும் கீழ இறங்கிடு. சத்தியம் பண்ணு."

"இறங்கிடுறேன், பாட்டி," என்றான் தென்சோ.

பதினோரு மணிக்குக் காலி டிரம்மை அடித்தார்கள். வானத்தில் தெற்கிலிருந்து குண்டுவிமானங்கள், மேலே அவற்றுக்குக் காவலாகச் சண்டை விமானங்கள். இலாரியோ கைப்பிடியைச் செருகிச் சுற்றினான், எஞ்சின் பிடித்தது. தென்சோ கழுத்துக் கயிற்றில் தொங்கிய மாதா உத்தரியத்தை முத்தமிட்டுச் சட்டைக்குள் போட்டான். ஏதோ சொன்னான், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ஆறு விமானங்களும் தூசியைக் கிளப்பிக்கொண்டு எழும்பின.

மற்றவர்கள் பதுங்குகுழியில் தலையைக் குனிந்துகொண்டார்கள். இலாரியோ குழிக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டான். அவன் பார்க்கவேண்டியதைக் காதால் பார்ப்பவன். ஜப்பான்காரனின் துப்பாக்கி தடித்த குரலில் பேசும். இவர்களுடையது மெலிந்த குரலில், தையல் மெஷின் மாதிரி. தன் கையால் எண்ணெய் போட்ட துப்பாக்கியை ஆயிரத்தில் அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது பேசியது. எண்ணினான். பத்து, பதினைந்து, பதினெட்டு. நின்றது.

இப்போது இறங்கு என்று வாய்க்குள் சொன்னான்.

சிக்கிய பட்டையைத் திரும்ப இழுத்துப் பார்க்கிற நேரம் போயிற்று. மறுபடி சத்தமில்லை. கண்ணைத் திறந்தான். ஒரு சிறிய விமானம் மட்டும் கடைசிக் குண்டுவிமானத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அது தென்சோதான், எஞ்சினின் குரல் அவனுடையது. அருகே போய், இடது பக்கம் சாய்ந்து விலகினான். இறங்கப்போகிறான் என்றிருந்தது. இறங்கவில்லை. ஒரு வட்டமடித்து, மறுபடி அதே குண்டுவிமானத்தை நோக்கித் திரும்பினான்.

"சுட ஒண்ணுமில்லாம எதுக்குடா திரும்புறே," என்றான் இலாரியோ. பக்கத்தில் இருந்தவன், யாரைத் திட்டுறீங்க சார்ஜென்ட் என்று கேட்டான்.

தென்சோ கிட்டே வர வர, குண்டுவிமானம் பயந்து வரிசையைவிட்டுக் கடல்பக்கம் ஒதுங்கியது. அதன் குண்டுகள் தண்ணீரில் விழுந்தன. அதைப் பவானிலிருந்தே பார்த்தவர்கள் உண்டு. அதே நேரம் மேலேயிருந்து இரண்டு சண்டை விமானங்கள் இறங்கின. தடித்த குரல் நீளமாகப் பேசியது. வெள்ளைப்புகை, அப்புறம் கறுப்பு. ஊருக்குப் போகும் சாலைக்கு அந்தப்பக்கம் கரும்புக்காட்டில் போய் விழுந்தான். பாராசூட்டோடு குதிக்கவில்லை.

லாரியில் முதலில் போய்ச் சேர்ந்தது இலாரியோ. விமானம் எரியவில்லை, மூக்குக் குத்தி நின்றிருந்தது. தென்சோவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, வாரிய தலைகூடக் கலையவில்லை, மார்பில்தான் எல்லாம். அவனை இறக்கிய பிறகு இலாரியோ உள்ளே குனிந்து இடது துப்பாக்கியைப் பார்த்தான். பத்தொன்பதாவது தோட்டா வாயில் குறுக்கே சிக்கியிருந்தது. உப்பிய பட்டையில் தென்சோவின் விரல்நகம் கிழித்த தடம் இருந்தது.

அன்று மாலை கேப்டன் பதிவேட்டைப் பார்த்தார். "சாய்கோடு போட்டிருக்கே. கோளாறு எழுதியிருக்கே. தெரிஞ்சுதான் எடுத்துட்டுப் போயிருக்கான். உன் மேல ஒண்ணும் இல்லை, சார்ஜென்ட்." பதிவேட்டை மூடினார். இனி உலகத்தில் யாரும் அதைத் திறந்து கேட்கப்போவதில்லை. மேலேயிருந்த பெருக்கல் குறிக்கும் கீழேயிருந்த ஒற்றைக் கோட்டுக்கும் நடுவே நடந்தது இருவருக்குத்தான் தெரியும். ஒருவன் சவப்பெட்டிக்குள் போய்விட்டான்.

மறுநாள் படைப்பிரிவுக்கு இடம் மாறச்சொல்லி உத்தரவு. நான்கு மணிக்கு லாரிகள் கிளம்பும். இலாரியோவுக்குத் துஷ்டி கேட்டுவர இரண்டு மணிநேரம் விடுப்புக் கிடைத்தது. புகையிலை டப்பாவை எடுத்துக்கொண்டு பவானுக்குப் போனான். லாரிகள் அந்த வழியாகத்தான் போகும். வாசலில் ஹாரன் அடித்து ஏற்றிக்கொள்வதாக டிரைவர் சொல்லியிருந்தான். இந்தப் பணத்தை அந்தத் தாய் வாங்கிக்கொள்ளாமல் லாரி ஏறினால், பிறகு எந்தக் காட்டில் எந்தக் குண்டுக்குப் போவோமோ, கடனோடுதான் போவோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இரவில் விளக்கு ஏற்றக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் துஷ்டிவீட்டுச் சீட்டாட்டம் பகலிலேயே நடந்தது. முற்றத்தில் இரண்டு மேஜை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவன் வீட்டுப் பங்கை ஒரு கிண்ணத்தில் போட்டான்; சவச்செலவுக்கு அது. கூடத்தில் பெட்டி. தச்சன் யாருடைய அலமாரியிலிருந்தோ கண்ணாடியைக் கழற்றி முகத்துக்கு நேரே பதித்திருந்தான். அந்தக் கண்ணாடிமேல், கொல்லப்பட்டவர்களுக்கு ஊர் செய்கிற வழக்கப்படி, ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு நடந்துகொண்டிருந்தது. அலிங் பினாங் அதற்கு முன்னால் அரிசியைத் தூவினாள். குஞ்சு கொத்தியது. டொக். டொக்.

"கொன்னவன் நெஞ்சைக் கொத்தட்டும்," என்றாள் யாரையும் பார்க்காமல்.

"பினாங், ஜப்பான் எம்புட்டுத் தூரம்," என்றார் மாங் செலோ சீட்டை விசிறியபடி. "அங்க வரைக்கும் கொத்தணும்னா சேவலாத்தான் வைக்கணும்."

"உன் சேவலை வச்சா அது அவனுக்கே முட்டையிட்டுக் குடுக்கும்."

மேஜையில் சிரித்தார்கள். அவளும் உதட்டை அசைத்தாள். இலாரியோவால் சிரிக்க முடியவில்லை. டொக் டொக் என்பது அவனுக்குத் தன் நெஞ்சுக்குள்தான் கேட்டது.

"வந்துட்டியா மகனே. சாப்பிட்டியா?" என்றாள் அலிங் பினாங். தென்சோ தாயைக் கூப்பிட்டபடி அவனும் அவளை, அம்மா என்ற பொருளில், 'இனாய்' என்றுதான் கூப்பிடுவான். அவன் வாய் திறப்பதற்குள் சோற்றின்மேல் கறுப்புக் காப்பியை ஊற்றி, கருவாட்டை வைத்துக் கையில் கொடுத்தாள். சாப்பிட்டான். தட்டை வைத்துவிட்டு டப்பாவை எடுத்தான்.

"இனாய், இது தென்சோவுக்குச் சேரவேண்டியது. நாற்பது பெசோ."

"தெரியும், சொல்லியிருக்கான். உள்ள வை."

"வாங்கிக்கணும் இனாய்."

"ஞானமகளுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கினா, அவன் எந்திரிச்சு வந்து என்னைத் திட்டுவான். குழந்தைக்குச் சட்டை வாங்கிப் போடு."

"வேணாம்னா இங்கிட்டுத் தள்ளு," என்றார் மாங் செலோ. "ரெண்டே ஆட்டம், எண்பதாக்கித் தர்றேன்."

"நீ ஆக்குவே. உன் பொண்டாட்டி கம்மலை ஆக்கின மாதிரி."

துஷ்டிப் பணம் போடும் தட்டு பெட்டியருகே இருந்தது. பக்கத்தில் பெயரும் தொகையும் எழுத ஒரு நோட்டு. அதில் போட்டுவிட்டுப் போய்விடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அங்கே விழுந்தால் அது அனுதாபப் பணம். கடன் அப்படியே இருக்கும். இலாரியோ டப்பாவைப் பிடித்தபடி நின்றான். நெற்றியில் வேர்வை. தூரத்தில், ஓடுதளத்துச் சாலையில், லாரிகள் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. அவன் காதுக்குத் தப்பாது. கால் மணி நேரம்கூட இல்லை.

"இனாய். கொஞ்சம் பின்னால வாங்க."

பின்கட்டில், தண்ணீர்ச் சாடிகளுக்குப் பக்கத்தில், அவள் முறத்தில் கிடந்த கிண்ணங்களை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். கை சும்மா இருக்காது அவளுக்கு. இலாரியோ நின்றபடி சொன்னான். விசிறியில் பார்த்த பள்ளம், உப்பிய பட்டை, தான் போட்ட குறி, அதைத் தானே மாற்றியது, பதினெட்டு வரைக்கும் எண்ணியது. அலிங் பினாங் கிண்ணத்தைக் கழுவுவதை நிறுத்தினாள்.

"பறக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் மாத்தினே."

"மாத்தினேன்."

"அவன் கேட்டானா?"

இதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தான். செத்தவன் பெயர் சுத்தமாக இருக்கட்டும். "இல்ல இனாய். நானாத்தான்."

"பொய் சொல்லாதே. பெத்தவகிட்டப் பொய் சொல்லாதே. என்ன சொல்லிக் கேட்டான்?"

இலாரியோ தரையைப் பார்த்தான். "நாற்பது பெசோவை ஒரு தடவையாவது கேட்டிருக்கேனான்னான். இந்தக் கோட்டை எடுத்துடு, நமக்குள்ள சரியாப் போச்சுன்னான்."

முற்றத்தில் யாரோ சீட்டை ஓங்கி அறைந்தார்கள். சிரிப்புச் சத்தம். அலிங் பினாங் சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அழவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அவங்கப்பன் பதினோரு பேருக்குக் கடன் வச்சிருந்தான்," என்றாள். "பத்துப் பேர் எண்ணி வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. திட்டினவனும் உண்டு. ஆனா முடிஞ்சுபோச்சு. பதினோராவது ஆளு தோன் விசெந்தே. 'உங்கிட்டயா வாங்குவேன் பினாங், வச்சுக்கோ'ன்னுட்டார். ஊரெல்லாம் புண்ணியவான்னாங்க. அவர் வீட்டுக் கல்யாணம், அவர் வீட்டுத் திருநாள், அவர் வீட்டுச் சாவு, எல்லாத்துக்கும் எனக்கு ஆள் வரும். பாத்திரம் விளக்குவேன், ராத்திரி வரைக்கும். காய்ச்சல்னாலும் முடியாதுன்னு சொல்ல வாய் வராது. தென்சோ அடுப்படியில உக்காந்து பார்த்துக்கிட்டிருப்பான். இவன் ஊருக்கெல்லாம் வாரி வாரிக் குடுத்தப்ப நான் பெருமைப்பட்டேன். யாருகிட்டக் கத்துக்கிட்டான்னு யோசிக்கலை."

"நல்லவன் இனாய் அவன். கடைசியில சுட ஒண்ணுமில்லாமலே அந்தப் பெரிய விமானத்தைக் கடல்பக்கம் விரட்டினான். இல்லேன்னா ஊர்மேல விழுந்திருக்கும்."

"பார்த்தேன். முற்றத்துலதான் நின்னேன். ஆறுன்னு எண்ணினேன்." அவள் குரல் அங்கேதான் கொஞ்சம் உடைந்தது. "நல்லவன்தான். அதுக்காக நீ முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

அவள் அதை மறுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இலாரியோவும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மாங் செலோ உள்ளே எட்டிப் பார்த்து, "சார்ஜென்ட், உன் வண்டி," என்றார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அலிங் பினாங் எழுந்து நின்றாள். இலாரியோ அவசரமாக டப்பாவை நீட்டினான். அவள் அதைத் தொடவில்லை. ஊசியும் நூலும் ஓடி ஓடிக் காய்த்துப்போன வலது உள்ளங்கையை விரித்து அவன் முன்னால் பிடித்தாள்.

"டப்பாவா வேணாம். எண்ணு."

மூடியைத் திறந்தான். ஐந்து பெசோ நோட்டு ஐந்து. ஒவ்வொன்றாக வைத்தான். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து. இரண்டு பெசோ நோட்டு மூன்று. ஹாரன் மறுபடி அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, வேகப்படுத்தவுமில்லை. மிச்சமெல்லாம் வெள்ளிக்காசு. முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. காசின் கனத்தில் அவள் கை லேசாகத் தாழ்ந்தது; மறு கையால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய அவனோடு சேர்ந்து எண்ணினாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. கடைசிக் காசை அவன் நடு உள்ளங்கையில் வைத்தான்.

"நாற்பது," என்றாள் அலிங் பினாங். விரல்களை மூடினாள்.